மூன்று மீட்டர் தள்ளி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் அம்மா தையல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதோடு நிறுத்தியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி எனக்குத் திட்டு, மீதி பெரியவளுக்கு. "அந்தப் பெண் அந்த ஒரு காகிதத்தை மேசை அடியில் தள்ளியிருந்தால் குடியா முழுகியிருக்கும்? எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதானே?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். பதில் இன்று கிடைத்துவிடும், அதனால் நான் முந்திக்கொள்ளப் போவதில்லை.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்கிறவர்களுக்கு நாலு வரி. சாலைப் பணியாளர்கள் போட்டுக்கொள்கிற, பளபளக்கும் பட்டை வைத்த ரிஃப்ளெக்டர் சட்டைகளைத் தைப்பவள் அம்மா. மூத்த மகளுக்குச் சாலைத் துறையில் வேலை. வீட்டில் அவள் ‘பெரியவள்’, அலுவலகத்தில் ‘டேப்பு’. கைப்பையில் குடை இருக்கிறதோ இல்லையோ, அளவு நாடா இருக்கும். இளையவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக், ஊருக்கே ‘வாலு’. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், பதினாலாவது கிலோமீட்டர் வளைவில், முன்பின் தெரியாத யாருக்கோ டயர் மாட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, தன் சாமான்களைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்து மோதிய லாரிக்காரர் காவல் நிலையத்தில் சொன்னது ஒரே வாக்கியம்: "ஆள் நிக்கிறதே தெரியலை."

அந்த வாக்கியத்தை அம்மாவால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஊரில் ரோட்டில் நிற்கிற அத்தனை பேருக்கும் சட்டை தைத்தவளின் பிள்ளை சட்டை இல்லாமல் நின்றிருக்கிறான். அதனால் அந்த வளைவில் ஓர் இரும்புக் கம்பம் நட்டாள். தோளுக்கு ஒரு குறுக்குக் கம்பி வைத்தாள். வாலுவின் அளவுக்கே ஒரு சட்டை தைத்து, வழக்கத்தைவிட இரண்டு பட்டை கூடுதலாக வைத்து, கம்பத்துக்கு மாட்டி பட்டன் போட்டுவிட்டாள்.

அதைத்தான் முப்பது நாளுக்குள் எடுக்கச் சொல்லி சாலைத் துறை அறிவிப்பு அனுப்பியது. அடியில் பெற்ற மகளின் கையெழுத்து. அரசாங்க உறை என்றால் அம்மா பிரிக்கவே மாட்டாள். இருபத்தொன்பது நாள் அது அலமாரியில் கிடந்தது. பிரித்த மறுநாள்தான் இன்று.

*

காலை ஏழு மணிக்கே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் கோபத்தை முகத்தில் தேட வேண்டாம், மெஷின் சத்தத்தில் கேட்டுக்கொள்ளலாம். இன்று அது ரயில் வேகம்.

"அம்மா, டீ."

மெஷின் ஓடியது.

"ஆறிடும்மா."

"இது வீட்டு டீயா, அரசாங்க டீயா? முப்பது நாள் டயம் உண்டா, இல்லை இப்பவே குடிச்சாகணுமா?"

பெரியவள் டம்ளரைத் துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஒரே வீட்டுல இருக்கோம். ஒரே பாத்திரத்துலேர்ந்து எடுத்துச் சாப்பிடறோம். ஒரு மாசமா வாய்க்குப் பூட்டா போட்டிருந்தே?"

"நீ படிச்சிருப்பேன்னு நெனைச்சேன். படிச்சுட்டு நீயே ஆரம்பிப்பேன்னு இருந்தேன்."

"நான் என்னைக்குடி கவர் பிரிச்சிருக்கேன்?"

அது உண்மை. பெரியவளுக்கும் அது தெரியும். நேரில் சொல்ல வேண்டியதைத் தபாலில் போட்டது கோழைத்தனம் என்பதும் தெரியும். ஊரில் இருநூறு குடும்பங்களின் வாசலில் நின்று இதே விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னவளுக்குத் தன் வீட்டு வாசலில் நாக்கு எழவில்லை.

"அஞ்சு மணிக்கு மேஸ்திரி ஆளுங்களோட வருவார். நீயே உன் கையால எடுத்துட்டா ஒரு மாதிரிம்மா. அவங்க பிடுங்கினா வேற மாதிரி."

"வரட்டும். நான் அங்க ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பேன். என்னையும் சேத்துப் பிடுங்கிட்டுப் போகட்டும்."

"அஞ்சாவது விதி என்ன சொல்லுதுன்னா..."

"பளபளப்பு கூடாது. படிச்சேன். ராத்திரி பூரா அதைத்தான் படிச்சேன்." மெஷின் நின்றது. அம்மா முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன. "பளபளப்பு இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்டி. இன்னைக்கு இந்த டீயை அவன் குடிச்சிருப்பான்."

பெரியவள் டம்ளரை அம்மாவின் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள்.

"யாரோ புகார் குடுத்திருக்காங்கன்னு போட்டிருக்கே, யாரு அந்தப் புண்ணியவான்?"

"எனக்குத் தெரியாதும்மா. ஃபைல் மேலதிகாரிகிட்ட இருக்கு."

"தெரிஞ்சுட்டு வா. அந்த மூஞ்சியை நான் ஒரு தடவை பாக்கணும்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் பெரியவள் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தாள். டீ டம்ளர் காலியாக இருந்தது.

*

விபத்தில் போனவர்களுக்குச் சாலையோரம் நினைவுக் கம்பம் வைப்பதைப் பற்றிய ஒன்பது விதிகளை எழுதியதே பெரியவள்தான். வாலு போன மூன்றாவது மாதம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சாலையோரத்தில் இருக்கிற எல்லா நினைவுச் சின்னங்களையும் ஒன்று விடாமல் எடு என்று அதில் இருந்தது. அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு மாதம் அளவு நாடாவோடு சாலை சாலையாக நடந்தாள். பிறகு இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். வெள்ளைக் கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடுப்பு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. மோதினால் உடைகிற மரமாக இருக்கலாம், இரும்பு வேண்டாம். வளைவின் வெளிப்பக்கம் கூடவே கூடாது. விளக்கு, பளபளப்பு கூடாது. ஒருவருக்கு ஒரு கம்பம்தான். எடுக்கும்முன் குடும்பத்துக்கு முப்பது நாள் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே தலைப்பு மாதிரி ஒரு வரி எழுதியிருந்தாள். ‘இறந்தவருக்காக நிற்கிற கம்பத்தால் இன்னொருவர் இறக்கக் கூடாது.’ கடிதம் எழுதிய வாசகி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

"வாம்மா டேப்பு, உக்காரு." மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் இரக்கப்படப் போகிறார் என்று அர்த்தம். "வீட்டு விஷயம். எனக்குப் புரியுது. தேதியை ஒரு ஆறு மாசம் தள்ளிப் போட்டுடலாமா?"

"தள்ளினா?"

"தள்ளினா தள்ளினதுதான். என்ன, இன்னும் எடுக்காத மீதி எழுபத்திரெண்டு குடும்பமும் ‘அவங்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?’ன்னு வந்து நிக்கும். அப்புறம் நானே மேலிடத்துக்கு ‘விதியெல்லாம் சரிப்பட்டு வரலை, மொத்தமா எடுத்துடலாம்’னு எழுத வேண்டியிருக்கும். ஆனா உனக்காகச் செய்யலாம்."

கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். பெரியவளுக்கு வந்திருந்தது. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அம்மா டீ குடிக்கிற முகம் கண்ணில் வந்து நின்றது. சரி என்று சொல்லிவிட்டால் இன்று ராத்திரி வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

"வேண்டாம் சார். இன்னைக்கே எடுக்கணும். எனக்கு ரெண்டே ரெண்டு விஷயம் வேணும். புகாரை நான் பாக்கணும். மேஸ்திரி ஆறரை வரைக்கும் கம்பத்துல கை வைக்கக் கூடாது."

"இருட்டினப்புறம் ரோட்டுல ஆள் நிக்கக் கூடாதுன்னு நீதானே எழுதினே?"

"ஆறரைக்கு மேலதான் சார் நல்லா இருட்டும். ஆறே காலுக்கு மங்கலா இருக்கும். எனக்கு அந்த மங்கல்தான் வேணும்."

அவர் புரியாமலேயே ஃபைலை நகர்த்தினார்.

புகார் ஒரே ஒரு பக்கம், மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. ‘சாயங்கால வேளையில் அந்தச் சட்டை, திருப்பத்தைக் காட்டுகிற வளைவுக் கம்பங்களைவிட அதிகமாக மின்னுகிறது. சாலை நேராகப் போவதாகக் கண் நம்பிவிடுகிறது. போன மாதம் மழையில் என் வண்டியின் முன்சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. வண்டியில் இருபத்தாறு பேர். தயவுசெய்து மரியாதையோடு எடுக்கவும்.’ கீழே பெயர் இல்லை. பேருந்து ஓட்டுநர் எண் மட்டும் இருந்தது: 318.

பெரியவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எண்ணைச் சிவப்பு நூலில் ஒரு சீருடைப் பாக்கெட்டில் தைத்தது அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தது இவள்.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. வாசலில் தபால் பிரிக்கிற எழுத்தர் மறித்தார். "மேடம், பதினாலாவது கிலோமீட்டருக்குப் புதுசா ஒரு விண்ணப்பம் வந்திருக்கு. இன்னைக்குத் தபால்ல."

"அந்த வளைவுல நாலு பேர் போயிருக்காங்க. அதுல யாருக்காவது இருக்கும். குடுங்க, அப்புறம் பாக்கறேன்."

உறையைக் கைப்பையில் அளவு நாடாவுக்கு அடியில் செருகிக்கொண்டு படி இறங்கினாள்.

*

318 என்பது சின்னவள். வாலுவின் மனைவி, பேருந்து ஓட்டுநர். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பணிமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தனியாகப் போனாளே, அவளேதான். "பிள்ளை போனான், மருமக என்னோட இருக்கான்னு நெனைச்சேன். அவளுக்கும் நான் வேண்டாதவளாயிட்டேன்" என்று அம்மா அன்றைக்குச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.

பணிமனையில் மதிய இடைவேளை. சின்னவள் ஒரு பேருந்தின் படியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெரியவளைப் பார்த்ததும் எழுந்தாள். கையில் புகாரின் நகலைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"தெரிஞ்சுபோச்சா அண்ணி?"

"ஏன்மா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? எனக்காவது சொல்லியிருக்கலாமே."

"அத்தை தினமும் ராத்திரி சாப்பாடு போட்டுக்கிட்டே கேப்பாங்க, உங்களுக்குத் தெரியும்ல? ‘இன்னைக்கு நல்லா தெரிஞ்சானா?’ன்னு."

"தெரியும்."

"ஒரு நாளைக்கு நாலு தடவை அந்த வளைவுல போறேன். ‘நல்லா தெரிஞ்சார் அத்தை’ன்னு சொல்லுவேன். அவங்க முகத்தைப் பாக்கணுமே அப்போ! அதுக்காகவே சொல்லுவேன். பொய்யும் இல்லை. நல்லாத்தான் தெரிஞ்சார்." சின்னவள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். "அன்னைக்கு மழை. வைப்பர் போட்டும் ஒண்ணும் தெரியலை. அது ஒண்ணு மட்டும் எதிர்ல பளிச்சுன்னு. வளைவுக் கம்பம்னு நெனைச்சு அதையே பாத்து விட்டுட்டேன். சக்கரம் மண்ணுல இறங்கினப்புறம்தான் ஒடிச்சேன். சீட்லேர்ந்து ஒரு குழந்தை விழுந்துடுச்சு. அதுக்கு ஏதோ விளையாட்டுன்னு நெனைப்பு, சிரிக்குது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு அண்ணி."

"அன்னைக்கு ராத்திரி அம்மா கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"நல்லா தெரிஞ்சார்னுதான் சொன்னேன். மறுநாள் பெட்டியைக் கட்டிட்டேன்."

பெரியவள் அவள் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள். தபாலில் பேசியவள் ஒருத்தி, புகாரில் பேசியவள் ஒருத்தி. அம்மாவின் எதிரில் உண்மையைச் சொல்ல இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தைரியம் இருந்ததில்லை. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்ததும் தெளிவும் வந்தது.

"ஆறே கால் வண்டி இன்னைக்கும் நீதானே?"

"ஆமா."

"முன்சீட்டு ஒண்ணு எனக்கு வேணும். யாரையும் உக்கார விடாதே."

"அத்தை ஏறுவாங்களா?"

"ஏத்தறது என் பொறுப்பு. ஓட்டறது உன் பொறுப்பு."

*

பெரியவள் வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே கலவரம் இல்லை, தையல் நடந்துகொண்டிருந்தது.

அம்மா ஸ்டூல் போட்டு, கம்பத்துக்கு முதுகைக் காட்டி, காவல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மடியில் மேஸ்திரியின் ரிஃப்ளெக்டர் சட்டை. பட்டை ஒரு ஓரத்தில் பிரிந்திருந்ததாம். ஊசியும் நூலும் எந்த நேரமும் அம்மாவின் இடுப்புப் பையில் இருக்கும். மேஸ்திரி பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்ட பையன்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மூன்று ஆட்களும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நால்வர் சட்டையும் அம்மா தைத்ததுதான்.

"ரோட்டோரத்துல சட்டை இல்லாம நிக்கறீங்களே மேஸ்திரி, விதி தெரியாதா?" என்றாள் பெரியவள்.

"அம்மா பிடுங்கிட்டாங்க மேடம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் கம்பத்தைப் பிடுங்க வந்தேன். இவங்க என் சட்டையைப் பிடுங்கிட்டாங்க. இவங்க தைச்சுக் குடுத்ததைப் போட்டுக்கிட்டு இதுல எப்படி மேடம் கை வைக்கிறது?"

அம்மா நூலைப் பல்லால் கடித்துச் சட்டையை அவரிடம் நீட்டினாள். மகளைப் பார்க்கவில்லை.

பெரியவள் கண்ணாலேயே அளந்தாள். ஸ்டூல் வெள்ளைக் கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர். அம்மாவுக்கும் சாலைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"புகார் குடுத்தவங்க மூஞ்சியைப் பாக்கணும்னு சொன்னியேம்மா."

அம்மாவின் தலை நிமிர்ந்தது.

"பஸ்ஸுல வர்றாங்க. முந்தின நிறுத்தத்துல ஏறினா பாக்கலாம். நீ வர்ற வரைக்கும் இங்க யாரும் எதையும் தொட மாட்டாங்க."

"இது என்னை இங்கேர்ந்து கெளப்பற தந்திரமா?"

"மேஸ்திரி, நீங்க சொல்லுங்க."

மேஸ்திரி புதிதாகத் தைத்த பட்டையைத் தொட்டுக் காட்டினார். "சத்தியமா தொட மாட்டோம்மா."

அவரே லாரியில் கொண்டுபோய் முந்தின நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஆறு பதிமூன்றுக்குப் பேருந்து வந்து நின்றது. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சண்டைக்குத் தயாராகப் படியேறினாள். ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"வாங்க அத்தை" என்றாள் சின்னவள்.

அம்மாவின் வாய் திறந்தது. நாலு மாதமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பெரியவள் அம்மாவின் தோளைத் தொட்டு மேலே இருந்த பலகையைக் காட்டினாள். ‘வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசக் கூடாது.’

"இதுவும் நீ எழுதினதா?" என்று பல்லைக் கடித்தபடி அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.

முதல் அரை கிலோமீட்டர் நேர்சாலை. சின்னவள் விளக்கைப் போட்டாள். தூரத்தில் ஏதோ மினுக்கென்றது.

"தெரியறான்!" அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். குரல் குழந்தையின் குரலாக இருந்தது. இரண்டு வருஷத்தில் இந்தச் சாலையில், இந்த நேரத்தில், இந்த உயரத்தில் உட்கார்ந்து அவள் இதைப் பார்த்ததே இல்லை. "தெரியறான்டி பெரியவளே! எவ்வளவு தூரத்துலேர்ந்து தெரியறான் பாரு!"

சின்னவள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.

சட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. தோள் தெரிந்தது, மார்பில் இரண்டு பட்டை, இடுப்பில் இரண்டு பட்டை. சாலை நேராக அதை நோக்கியே போனது. பக்கத்தில் வரிசையாக நின்ற வளைவுக் கம்பங்கள் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் எடுபடவே இல்லை. சாலை எங்கே திரும்புகிறது என்று அம்மா தேடினாள். முப்பது வருஷமாகத் துணியில் கால் அங்குலப் பிசகைக் கண்டுபிடிக்கிற கண் அது. அந்தக் கண்ணுக்குத் திருப்பம் அகப்படவில்லை. பிள்ளை மட்டும்தான் தெரிந்தான். வண்டி அவனை நோக்கித்தான் போனது.

"திரும்பு!" அம்மாவின் கால் தரையை அழுத்தியது. "அடியே சின்னவளே, திரும்புடி! திரும்பு!"

"திரும்பிட்டேன் அத்தை."

வண்டி அலுங்காமல் வளைவில் போய்க்கொண்டிருந்தது. சின்னவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சட்டை பக்கவாட்டில் நகர்ந்து, மங்கி, பின்னால் போய்விட்டது.

அம்மா மெதுவாக உட்கார்ந்தாள். பின்னாலிருந்த பயணிகளைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேர்?" என்று கேட்டாள் அம்மா. பலகையைப் பற்றி யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

"இன்னைக்குப் பத்தொன்பது. அன்னைக்கு இருபத்தாறு அத்தை."

*

வளைவைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் கடைசி நிறுத்தம். அங்கே பயணிகள் இறங்கியதும் மூன்று பெண்களும் மண் பாதையில் ஒருவர் பின் ஒருவராக வளைவுக்கு நடந்து வந்தார்கள். மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு இருபத்தொன்று.

அம்மா நேராகக் கம்பத்துக்கு எதிரில் போய் நின்றாள். கீழ்ப் பட்டனிலிருந்து ஆரம்பித்தாள். நாலு பட்டனையும், தூங்குகிற பிள்ளைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி, ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தோளிலிருந்து எடுத்தாள். தூசியை உதறினாள். மடித்தாள்.

"இப்ப எடுங்க மேஸ்திரி" என்றாள்.

கம்பத்தைப் பிடுங்கும் சத்தம் கேட்டபோது மூவரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அழுதார்கள். மூன்று பேரும் நின்ற இடத்தில் நின்று அழுதார்கள். மேஸ்திரியின் ஆட்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் மூக்கைச் சிந்தியது அம்மாதான். "எழுதினது நீ" என்றாள் சின்னவளிடம்.

"நான்தான் அத்தை."

"மூஞ்சிக்கு நேரா சொல்ல என்ன கேடு?"

"நீங்க சாப்பாடு போட்டுக்கிட்டே கேட்டீங்க. அந்த நேரத்துல எனக்கு வாய் வரலை."

அம்மா மகளின் கைப்பையை இழுத்து அளவு நாடாவை எடுத்தாள். "கையைத் தூக்கு."

"அத்தை?"

"தூக்குடின்னா." சின்னவளின் தோளை அளந்தாள், மார்பை அளந்தாள். "இந்த நாடாவுல அங்குலமே கண்ணுக்குத் தெரியலை. ரோடு அளக்கறவளோட நாடா. தோள்ல ரெண்டு பிடிக்கணும். பக்கத்துல மூணு. என்னடி இது, நாலு மாசத்துல பாதியா போயிட்டே? அந்த ரொட்டியைத்தான் மூணு வேளையும் திங்கறியா?" மடித்த சட்டையைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "நாளைக்கு வந்து வாங்கிட்டுப் போ. நடுவழியில வண்டி நின்னா கீழ இறங்குவேல்ல? இதைப் போட்டுக்கிட்டு இறங்கு."

"நாளைக்கு வர்றேன் அத்தை."

"பெட்டியோட வர்றியா, பெட்டி இல்லாமலா?"

சின்னவள் சிரித்தாள். அவளை அவசரப்படுத்த எனக்கும் மனமில்லை.

வண்டி நேரம் ஆகிவிட்டது என்று சின்னவள் கிளம்பினாள். பெரியவள் வளைவின் உள்பக்கம் போனாள். அம்மா கேட்காமலேயே நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைக் கோட்டிலிருந்து மூன்று மீட்டர். அங்கே புல் இருந்தது, ஒரு சின்னக் கல் இருந்தது, எந்த வண்டியின் வெளிச்சமும் நேராக விழவில்லை.

"மரக் கம்பம்மா. இடுப்பு உயரம். பேரு மட்டும் போடலாம்."

"இங்க நின்னா யாருக்குத் தெரிவான்?"

"நமக்குத் தெரிவான்."

அம்மா அந்த இடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். காலால் கல்லைத் தள்ளினாள். "சரி. ஃபாரம் வச்சிருக்கியா? குடு, இதையாவது நானே பூர்த்தி பண்றேன்."

பெரியவள் கைப்பைக்குள் கையை விட்டாள். விண்ணப்பத்தோடு காலையில் செருகிய உறையும் சேர்ந்து வந்தது. இதே வளைவு என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் கேட்டால் யாருக்குக் கொடுப்பது? பிரித்தாள். மேஸ்திரி லாரியின் விளக்கைப் போட்டார். அந்த வெளிச்சத்தில் முதல் வரியைப் படித்தாள்.

இறந்தவர் பெயர் என்ற இடத்தில் தம்பியின் பெயர் இருந்தது.

கேட்டிருந்த இடமும் இதேதான். உள்பக்கம், மூன்று மீட்டர் தள்ளி, மரக் கம்பம், இடுப்பு உயரம். ஒரு விதியும் தப்பவில்லை. விண்ணப்பித்தவர் பெயர் யாரோ முன்பின் தெரியாதவருடையது.

"என்னடி?"

"அம்மா..." இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்ற கட்டத்தை வைத்ததே அவள்தான். தாய், தந்தை, கணவர், மகள் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். இதில் வேறு எழுதியிருந்தது. அவள் சத்தமாகப் படித்தாள். "‘உறவு இல்லை. என் டயரை மாட்டிக் கொடுத்தார். அவர் கடைசியாகப் பேசியது என்னோடுதான்.’"

ஒரு வண்டி வளைவில் திரும்பிப் போயிற்று. அம்மா காகிதத்தை வாங்கி, படிக்காமல், விரலால் மட்டும் அந்த வரியைத் தடவினாள்.

"நம்பர் போட்டிருக்கா?"

"போட்டிருக்கும்மா."

"அடி."

"இப்பவா?"

"என் பிள்ளை கடைசியா என்ன சொன்னான்னு அந்த ஆளுக்குத் தெரியும்டி. ரெண்டு வருஷம் பொறுத்தாச்சு. அடி."

பெரியவள் எண்களை அழுத்தி, போனை அம்மாவின் காதில் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.